கயிறு கட்டி முடியாத கப்பல்

மேசை காலியாக இருந்தது. தோளில் மாட்டிய பையை இறக்காமலே பேட்ரிசியா அறை வாசலில் நின்றுவிட்டாள். மரத்தூள் படிந்த மேசையின் நடுவில், நீளவாக்கில் ஓர் இடம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று தெரிந்தது. இடுக்கிகள், மூக்கு வளைந்த கத்தரிக்கோல், தேன்மெழுகு உருண்டை, டீத்தூள் தண்ணீரில் நிறமேற்றிக் காயவைத்திருந்த நூல்கண்டு எல்லாவற்றையும் யாரோ வாரி ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு, மூடியும் வைத்திருந்தார்கள். திருடன் மூடி போடமாட்டான். வீட்டு ஆள்தான் செய்ய முடியும். அது புரிந்த நொடியிலேயே அவள் பையைத் தரையில் போட்டாள்.

"லிசி, கப்பல் எங்கடி?"

உள்ளே கட்டிலில் படுத்துச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள். "அப்பா எடுத்துட்டுப் போனாங்களே. மத்தியானம் ஆட்டோ வரவச்சு" என்றவள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன்கிட்ட சொல்லிட்டாங்கன்னுதான்மா நெனச்சேன்."

"எங்கன்னு கேட்டியா?"

"சீரங்கத்துக்குன்னாங்க. பீமராவ் சார் வீட்டுக்கு."

பீமராவ், அவள் கணவன் பிராங்க்ளினின் முதலாளி. திருச்சியில் அடுக்குமாடிகள் கட்டி விற்கிறவர். அவரிடம் பிராங்க்ளின் சைட் சூப்பர்வைசர். சீரங்கத்தில் ஆற்றுக்குப் பக்கத்தில் அவர் தனக்கென்று ஒரு வீடு கட்டுவதும், நாளை ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கிரகப்பிரவேசம் என்பதும் பேட்ரிசியாவுக்குத் தெரியும். பத்திரிகை ஃபிரிட்ஜின் மேல்தான் கிடந்தது. அந்தப் பத்திரிகையையும் தன் கப்பலையும் அவள் ஒருபோதும் சேர்த்து நினைத்ததில்லை. ஏன் நினைக்க வேண்டும்?

கொடுக்க மனசில்லாதவள் என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. ஊரடங்கு வந்து, அவள் வேலை செய்யும் பல் கட்டும் லேப் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, கை சும்மா இருக்க மாட்டாமல் மரத்தில் மாதிரிக் கப்பல் செய்ய ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு செய்ததையெல்லாம் கொடுத்துத்தான் இருக்கிறாள். மாற்றலாகிப் போன பங்குச் சாமியாருக்கு ஒன்று. லிசி படித்த பள்ளிக்கு ஒன்று. லேப்பில் கூட வேலை செய்யும் மலர்க்கொடியின் மகளுக்குக் கல்யாணப் பரிசாக ஒன்று. அவையெல்லாம் அவள் கையாலேயே, துணி சுற்றி, எப்படித் தூக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவை. அவளுடைய பகல் வேலையே பேரில்லாத வேலை. எவருடைய வாய் என்று தெரியாமல் மெழுகில் பல் செதுக்குவாள், பீங்கானில் சுட்டு எடுப்பாள், டாக்டர் தன் பேரில் அதைப் பொருத்துவார். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. சம்பளத்துக்குச் செய்வது அது. சாயங்காலம் காட்டூர் வீட்டுக்கு வந்து, குளித்து, சமைத்து முடித்த பிறகு அந்தப் பின்னறை மேசையில் உட்காரும் நேரம்தான் யாருடைய பேரிலும் இல்லாதது.

இது வேறு மாதிரியான கப்பல், நாலு வருட வேலை. டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிக்கு மிளகு வாங்க வந்த காலத்துச் சரக்குக் கப்பல், மூன்று பாய்மரம். இணையத்தில் கிடைத்த வரைபடத்தைப் பெரிதாக்கி எடுத்து, தேக்குச் சீவல்களை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, ஒவ்வொரு பலகையையும் ஈர்க்குச்சியைவிட மெல்லிய மூங்கில் ஆணியால் அறைந்து உடம்பைக் கட்டியிருந்தாள். ஆனால் உடம்பு கட்டுவது தச்சு வேலை. கயிறு கட்டுவதில்தான் கப்பலுக்கு உயிர் வரும் என்பாள் அவள். பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கயிறு ஒன்று, பாயைத் தூக்கும் ஆஞ்சான் கயிறு ஒன்று, காற்றுக்குத் தக்கபடி பாயைத் திருப்பும் கயிறு ஒன்று. எதுவும் அழகுக்கு இல்லை. அரிசியளவுக் கப்பிகளில் பல் துளைக்கும் ஊசியால் ஓட்டை போட்டு நூலைக் கோத்து இழுத்தால், இந்தப் பக்கம் ஒரு மயிரிழை இறுக்கியதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று தளரும். பின்னாலிருந்து முன்னாலும், கீழேயிருந்து மேலேயும் போய்ப் போய்ச் சமன் செய்ய வேண்டும். பின்மரமும் நடுமரமும் முடிந்திருந்தன. முன்மரத்தில் பாதி நூல்கள் கட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. "திருச்சில கடலே இல்ல, இங்க எதுக்குக்கா கப்பலு?" என்று மலர்க்கொடி கேட்பாள். வேளாங்கண்ணிக்குப் போகும்போது பார்த்ததோடு சரி, கடல் என்று பேட்ரிசியாவுக்குப் பெரிய ஆசையும் இல்லை. இத்தனை கயிறும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த நிலைமேல்தான் அவளுக்கு ஆசை.

பிராங்க்ளின் வரும்போது கையில் அல்வா பொட்டலம் இருந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"என்னங்க, கப்பல் எங்க?"

"உக்காரு, சொல்றேன்."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லுங்க."

அவன் பொட்டலத்தை மேசைமேல் வைத்தான். கப்பல் இருந்த அந்தச் சுத்தமான இடத்தில்தான் வைத்தான். "நாளைக்கு எல்லாரும் வெள்ளி விளக்கு, வெள்ளிப் பிள்ளையாருன்னு தூக்கிட்டு வருவாங்க. நம்ம எதத் தூக்கிட்டுப் போறது? புது புராஜெக்ட்டுக்கு மேனேஜர் யாருன்னு அடுத்த வாரம் முடிவு பண்ணப்போறாரு. சார் அசந்துட்டாரு பேட்ரி. செருப்பக்கூடக் கழட்டாம நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. உனக்குப் பெருமையா இல்லையா?"

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட."

அதை அவன் ஒரு நியாயம் போலச் சொன்னான். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து, அதனால் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவதற்கு ஒரு பேர் உண்டு, அது பத்துக் கட்டளைகளிலேயே இருக்கிறது என்று அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் அதைவிட அவசரமான ஒன்று முந்திக்கொண்டது.

"முடியாத கப்பலைக் கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்க. முன்மரத்துல பாதிக் கயிறு கட்டவே இல்ல."

பிராங்க்ளின் சிரித்தான். கேலியாக அல்ல, சமாதானம் செய்கிற சிரிப்பு. "யாருக்குத் தெரியும்?"

பேட்ரிசியா அவனையே பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஆள் கெட்டவன் என்று அவள் நினைத்ததில்லை. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு வருடம் அவன் எப்படிக் குறுகிப்போனான் என்பதைப் பார்த்திருக்கிறாள். பீமராவ் கூப்பிட்டு வேலை கொடுத்த அன்று மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அழுதவன். அந்தப் பயம் அவளுக்குத் தெரியும். ஆனால் யாருக்குத் தெரியும் என்றானே, அந்தக் கேள்விக்குள் தான் ஓர் ஆளாகவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. எனக்குத் தெரியுமே என்று அவள் சொல்லவில்லை. சொல்லி விளங்கவைக்க வேண்டிய இடமா அது? சோறு போட்டாள். அல்வாவைத் தொடவில்லை. நாளைக்குத் தானும் வருவதாக மட்டும் சொன்னாள். அவள் ஆறிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மறுநாள் சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். ஆவணி மாதம், நல்ல முகூர்த்தம். சீரங்கத்தில் மூன்று தெருவுக்கு ஒரு வாழைமரம் கட்டியிருந்தது. பீமராவ் வீட்டில் விடியற்காலையிலேயே ஹோமம் முடிந்து, புகை வாசனை மட்டும் படிக்கட்டுவரை இருந்தது. மாடியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் பளிங்குத் தரையில் கால் வழுக்கியது. கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஷோகேஸில் அவள் கப்பல் நின்றிருந்தது.

அடிவாரத்தில் நீலக் கண்ணாடிக் கற்களைப் பரப்பி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டால்பின்கள் வைத்திருந்தார்கள். மேல்தட்டிலிருந்து ஒரு சீரியல் விளக்கு வழிந்து, பாய்கள் பச்சையும் ஊதாவுமாக மாறி மாறி மினுங்கின. அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆசையாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் முன்மரத்தில் பாயைத் தாங்கும் குறுக்குக்கட்டை நடுவில் ஒடிந்து, கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. ஃபெவிக்விக் வழிந்து, அவள் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து நிறம் ஏற்றிய தேக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பிராங்க்ளின் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பான். எங்கோ பள்ளத்தில் தூக்கிப் போட்டிருக்கும். வழியில் இறங்கி ஒரு கடையில் பசை வாங்கியிருப்பான். நேற்று அல்வாவோடு வந்தவன் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வாய்யா, வா! இதோ வந்துட்டான் நம்ம கப்பல்காரன்!"

பட்டு வேட்டியில், நெற்றியில் கோபிச்சந்தனமும் அட்சதையுமாக பீமராவ் வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். பிராங்க்ளினின் தோளில் கை போட்டு, ஷோகேஸ் பக்கம் நின்றிருந்தவர்களிடம் இழுத்துப்போனார். "எங்க சைட் சூப்பர்வைசர். எல்லாம் இவன் கையாலயே செஞ்சது. நாலு வருஷம்! செங்கல் எண்ணிக்கிட்டிருக்கிற ஆளுன்னு நெனச்சேன், பாத்தா உள்ளுக்குள்ள ஒரு பெரிய கலைஞன் ஒக்காந்திருக்கான்." பிறகு பேட்ரிசியாவைப் பார்த்துக் கைகூப்பினார். "வாங்கம்மா. இதுக்கெல்லாம் பொறுமையா வீட்டுல எடம் குடுத்தீங்களே, அதச் சொல்லணும்."

பேட்ரிசியா பிராங்க்ளினைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டியிருந்தது, அந்தக் குறுக்குக்கட்டையைப் போலவே கோணலாக. பொருளைக் கேட்காமல் எடுத்தது ஒன்று. நாலு வருடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டான் என்பது இப்போதுதான் தெரிந்தது.

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் குனிந்து கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, முன்னாடி மட்டும் கயிறெல்லாம் சும்மா தொங்குதே, அது எதுக்கு?"

"அது அந்தக் காலத்து மாடல் சார்" என்றான் பிராங்க்ளின். "காத்து வாங்கட்டும்னு லூசா விட்டிருப்பாங்க."

"இல்ல சார்" என்றாள் பேட்ரிசியா.

அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. பந்திக்குப் போகப் படியேறிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பினார்கள்.

"அது இன்னும் முடியல. நான் இன்னும் கட்டி முடிக்கல."

சீரியல் விளக்கு பச்சையிலிருந்து ஊதாவுக்கு மாறியது. பீமராவின் மனைவி அனுசுயா, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவள், கிண்ணத்தோடு பக்கத்தில் வந்தாள். "நீங்களா? நீங்களா செஞ்சது?"

"ரெண்டு பேரும் சேந்துதான் மேடம்" என்று பிராங்க்ளின் குறுக்கிட்டான். "இவளும் கூடமாட ஒத்தாசை..."

பேட்ரிசியா அவனுக்கு நேராகத் திரும்பினாள். கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"இதுல எந்தக் கயிறு நீங்க கட்டினது? காட்டுங்க."

அவன் கண் ஒருமுறை கப்பலில் மேலிருந்து கீழே ஓடியது, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்பதுபோல. இருநூற்றுக்கும் மேற்பட்ட முடிச்சுகள் அங்கே இருந்தன. ஒன்றுகூட அவனுக்கு வழிவிடவில்லை.

"சார், நான் செஞ்சேன்னு நான் சொல்லல" என்று பீமராவைப் பார்த்துச் சொன்னான். "நீங்க அப்படி நெனச்சுக்கிட்டீங்க, நான்..."

"அத விடுய்யா" என்றார் பீமராவ். அவர் முகம் சிவந்திருந்தது. விருந்தாளிகளுக்கு நடுவில், தன் வீட்டில், இந்த நாளில் இப்படி ஆகிவிட்டதே என்கிற சங்கடம் அதில் இருந்தது. ஆனால் அவர் சட்டென்று சமாளித்துக்கொள்ளத் தெரிந்தவர். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு நெசமாவே தெரியாது. இப்ப என்ன, உங்க பேர பித்தளைத் தகட்டுல பொறிச்சு இதுக்கு முன்னாடியே வச்சிடுறேன். வர்றவங்க எல்லாரும் படிக்கட்டும். சரிதானே?"

நல்ல யோசனைதான். பேட்ரிசியா ஒரு கணம் அதை நினைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் தூசி படியாது. பின்னறை மேசையைவிட நல்ல இடம். தலையாட்டிவிட்டால் எல்லோரும் மாடிக்குப் போய்ச் சாப்பிடலாம், பிராங்க்ளின் வேலையும் பிழைக்கும், மாலையில் ஸ்கூட்டரில் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். பிறகு அடுத்த கப்பலைத் தொடங்கும்போதும் அந்த மேசை அதே மாதிரி எல்லோருக்கும் திறந்து கிடக்கும்.

"பேருக்காக இல்ல சார்" என்றாள். "கேட்டிருந்தா உங்களுக்குக் குடுத்திருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியல. என்னைக் கேக்கவே இல்லையே. நான் எடுத்துட்டுப் போறேன்."

"பேட்ரி!" என்றான் பிராங்க்ளின்.

"கிரகப்பிரவேசத்தன்னிக்கு வீட்டுல இருந்து பொருள் வெளிய போலாமா?" என்று பின்னாலிருந்து யாரோ ஒருவர் கேட்டார். பீமராவ் தயங்கினார். அந்தச் சொல் அவரைத் தொட்டுவிட்டது தெரிந்தது. எல்லோரும் அனுசுயாவைப் பார்த்தார்கள். அவள் சந்தனக் கிண்ணத்தைக் கணவர் கையில் கொடுத்தாள்.

"நம்ம பொருள்தானே போகக்கூடாது" என்றாள்.

கண்ணாடிக் கதவை அவளே திறந்தாள். டால்பின்களை எடுத்துக் கீழே வைத்தாள். சீரியல் விளக்கை அணைத்து, பாய்களில் சிக்காமல் மெதுவாக உருவினாள். அதற்கு நேரம் பிடித்தது. மேலே பந்தியில் யாரோ ரசம் கேட்கிற சத்தம் வந்தது. "எங்க புடிக்கணும்?" என்று அனுசுயா கேட்டாள். பேட்ரிசியாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. நேற்றிலிருந்து அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அனுசுயாதான். "அடிப்பலகைய மட்டும் மேடம். மேல தொடக்கூடாது."

வாசலுக்கு வெளியே, வாழைமரத்துக்குப் பக்கத்தில் பிராங்க்ளின் அவளைப் பிடித்துவிட்டான். கையைப் பிடிக்கவில்லை, கப்பல் இருந்ததால்.

"என் வேலை போச்சு. இப்ப உனக்குத் திருப்தியா?"

"உங்க வேலைய நான் தொடல" என்றாள் பேட்ரிசியா. "நீங்க எடுத்துக் குடுத்தது என் வேலைய."

அவன் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருப்பதும் கோபமாக இருப்பதும் ஒரே நேரத்தில் முடியும் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டில் எதுவும் மற்றதைக் குறைக்கவில்லை.

தெருமுனையில் ஒரு கடைத் திட்டில் கப்பலை இறக்கிவைத்து லிசியைப் போனில் கூப்பிட்டாள். இன்னொருமுறை அதை ஆட்டோவில் ஏற்ற அவளுக்கு மனம் இல்லை. மலர்க்கொடியின் வீட்டுக்காரரிடம் லோடு ஏற்றும் சின்ன வண்டி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். நடந்ததை இரண்டு வரியில் சொன்னாள். "நான் வரேம்மா" என்றாள் லிசி. அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் கழித்து அவளே அழைத்தாள். "அம்மா, முகூர்த்த நாளு, பாலத்துல வண்டி நகரவே மாட்டேங்குது. பாலத்துக்கு இந்தப் பக்கம், ஓடத்துறைல நிறுத்தியிருக்கோம். நடந்து வந்துடுறியா?"

பேட்ரிசியா கப்பலைத் தூக்கிக்கொண்டு மாம்பழச்சாலை வழியாகக் காவிரிப் பாலத்துக்கு வந்தாள். பஸ்களும் கார்களும் ஒன்றின் பின்னால் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. பக்கத்தில் புதுப் பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே காவிரி கரைக்குக் கரை ஓடியது. நடைபாதையில் பத்தடி வைப்பதற்குள் மேற்கேயிருந்து ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது. மூன்று மரத்துப் பாய்களும் ஒரே நேரத்தில் புடைத்து, அடிப்பலகை அவள் கையில் திமிறியது. பின்மரமும் நடுமரமும் தாங்கின. கட்டிய கயிறு ஒவ்வொன்றும் விறைத்து நின்றது. முன்மரம் மட்டும் ஆடியது. ஒட்டிய குறுக்குக்கட்டை மறுபடி விட்டுப்போய், தொங்கிய நூல்களெல்லாம் பறந்து அவள் கன்னத்தில் அடித்தன.

அவள் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். இரண்டு கையும் பலகையில் இருந்தன. குனிந்து, பறந்த நூல்களை உதட்டால் கவ்வி இழுத்து, பல்லுக்கு இடையில் கடித்துக்கொண்டாள். மரம் நிமிர்ந்தது. கிழக்கே ஓடும் தண்ணீரைப் பார்த்தபடி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக வைத்து ஓடத்துறைப் பக்கம் நகர்ந்தாள். நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. பின்னால் எங்கோ ஒரு ஸ்கூட்டர் ஹாரன் இரண்டு முறை அடித்தது. யாருடையதாகவும் இருக்கலாம். திரும்பினால் நூல் நழுவிவிடும். பற்களை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு அவள் அடுத்த அடியை வைத்தாள்.